விளக்கை அணைக்கிறவர்

அந்தத் தெருவில் ஒரு பிள்ளை கேள்வி கேட்டு உயிரை வாங்க ஆரம்பித்தால், பெற்றவர்கள் ரொம்ப யோசிக்க மாட்டார்கள். தெருக்கோடிப் பக்கம் விரலை நீட்டி, "போ, போய்ப் பனிக்கரடியைக் கேளு" என்று அனுப்பிவிடுவார்கள்.

பனிக்கரடி என்றால் பயந்துவிட வேண்டாம். ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர். ஆள் கொஞ்சம் பருமன், கையெல்லாம் ரோமம், கடைக்குள் எந்நேரமும் ஏதாவது ஒரு பெட்டி கதவைத் திறந்தபடி குளிரைக் கக்கிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் வைத்த பெயர் அது. அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தெருவில் பாதிப் பேருக்கு வழி சொல்லத் தெரியாது.

தகரக் கூரை போட்ட கடை. முன்னால் வேலை நடக்கும் இடம், பின்னால் செத்த ஃபிரிட்ஜுகள் வரிசையாக நிற்கும் சின்ன முற்றம். பற்றவைத்த செம்புக் குழாயின் வாசனை சட்டை வரை ஊறிப்போயிருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் அங்கே வந்து நிற்பார்கள்.

"மாமா, ஒருத்தர் கொட்டாவி விட்டா எல்லாருக்கும் ஏன் வருது?"

"உலகத்துல மொத்தமே ஒரு கொட்டாவிதான் இருக்கு. அதுதான் சுத்திச் சுத்தி வருது. உன் முறை வந்தா சட்டுன்னு விட்டுட்டு அடுத்த ஆளுக்கு அனுப்பிடணும். பதுக்கக் கூடாது."

"வெங்காயம் வெட்டினா நமக்கு ஏன் கண்ணுல தண்ணி வருது?"

"அதுக்குக் கண்ணு இல்ல. அழணும்னா யார்கிட்டயாவது கண்ணைக் கடன் வாங்கித்தானே ஆகணும்?"

"எறும்பெல்லாம் ஏன் வரிசையா போகுது?"

"முன்னாடி போறவருக்கு மட்டும்தான் வழி தெரியும். எங்க போறோம்னு கேக்க மத்தவங்களுக்கு வெக்கம்."

இந்தப் பதில்கள் சாப்பாட்டு நேரத்தில் வீடு வீடாகப் பரிமாறப்படும். அப்பாக்களுக்குப் புரையேறும், அம்மாக்கள் தலையில் தட்டிவிட்டுத் தாங்களும் சிரிப்பார்கள். கரடியின் மனைவி மட்டும் அவ்வளவாகச் சிரிக்க மாட்டாள். அவள் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் உதவியாளர். கண்ணாடிக் குடுவை கழுவிக் கழுவியே எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்துகொண்டவள். "உண்மையைச் சொன்னா வாய் வெந்துபோகுமா?" என்பாள். "உண்மையைச் சொல்ல ஸ்கூல் இருக்கு. சிரிக்க வைக்க யார் இருக்கா?" என்பார் இவர். இவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த ஆசை முழுவதையும் அவர் இப்படித்தான் செலவழித்துக்கொண்டிருந்தார் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் அதற்கு மேல் வாதாட மாட்டாள்.

அடுத்த கடை தையல்கார அக்காவுடையது. பள்ளிச் சீருடை தைப்பவள். கணவர் கப்பலில், வருஷத்துக்கு ஒரு தடவை தலைகாட்டுவார். ஒரே மகள், ஆறு வயது. அந்தக் குழந்தைக்கு வீட்டில் ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள்தான். ஆனால் தெரு அவளை 'ஏன்குட்டி' என்றுதான் கூப்பிட்டது. ஒரு 'ஏன்' கேட்டு, பதில் வந்து முடிவதற்குள் அடுத்த 'ஏனை' நீட்டிவிடுவாள்.

மற்ற பிள்ளைகள் பதிலைக் கேட்டுச் சிரித்துவிட்டு ஓடிவிடும். ஏன்குட்டி சிரிக்க மாட்டாள். பதிலை வாங்கிக்கொண்டு போய்ச் செய்து பார்ப்பாள். அந்தக் கொட்டாவி விஷயத்தைக் கேட்ட மறுநாள், வகுப்பில் தனக்கு வந்த கொட்டாவியை வாயைப் பொத்தி அடக்கிக்கொண்டு, பக்கத்து வகுப்புக்கு நடந்து போய், அங்கே படிக்கிற சிநேகிதி முன்னால் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். டீச்சர் காதைப் பிடித்துக் கேட்டதற்கு, "இங்க எல்லாருக்கும் வந்துடுச்சு மிஸ், அங்க இன்னும் போகல" என்றாளாம். தையல்கார அக்கா இதைச் சொல்லிச் சொல்லித் தெருவே வயிறு குலுங்கச் சிரித்தது. அப்படிச் சிரித்தவர்களில் ஒருவருக்குக்கூட இது பயப்பட வேண்டிய விஷயம் என்று தோன்றவில்லை. கரடிக்கும் தோன்றவில்லை.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு. மத்தியானம். கரடி அவசரமாகப் பையில் சாமான்களை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பேக்கரியில் பெட்டி நின்றுபோய் கிரீமெல்லாம் உருகுகிறது என்று மூன்று தடவை போன் வந்துவிட்டது. ஏன்குட்டி ரிப்பேர் முடிந்த ஒரு ஃபிரிட்ஜின் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"மாமா, கதவை மூடினதும் உள்ள லைட்டு எரிஞ்சுகிட்டே இருக்குமா, அணைஞ்சிடுமா?"

"அணைஞ்சிடும்."

"யார் அணைக்கிறா?"

கதவோரத்தில் ஒரு சின்ன பட்டன் இருக்கிறது. கதவு போய் அதை அழுத்தினால் விளக்கு அணையும், விட்டால் எரியும். இரண்டடி நடந்து, அவள் விரலைப் பிடித்து அந்தப் பட்டன்மேல் வைத்திருந்தால் போதும், அரை நிமிஷ வேலை. கரடி என்ன சொன்னார் தெரியுமா?

"உள்ள ஒருத்தர் இருக்கார். இத்தினிக்காண்டு உயரம், கம்பளிக் குல்லா போட்டிருப்பார். கதவை மூடினதும் லைட்டை அணைச்சிட்டு, பால் பாக்கெட்டைத் தலைக்கு வெச்சுப் படுத்துப்பார். திறந்தா துள்ளி எழுந்து லைட்டைப் போட்டுட்டு வெண்ணெய்க்குப் பின்னாடி ஒளிஞ்சுப்பார்."

"எல்லா ஃபிரிட்ஜுலயுமா?"

"எல்லாத்துலயும்."

"பின்னாடி நிக்குதே பழசு, அதுலயும் இருக்காரா?"

"அதுல இருக்கிறவர் ரொம்பப் பெரியவர். வேலையை விட்டு அனுப்பியும் வீட்டைக் காலி பண்ண மாட்டேங்கறார்."

"அவரைப் பாக்க முடியாதா?"

கரடி வண்டியைக் கிளப்பிவிட்டார். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, தலையைத் திருப்பிச் சொன்னார். "உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாத்தான் பாக்க முடியும்!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். போய்விட்டார்.

மூன்றாவது திருப்பத்தில் பைக்குள் கையை விட்டார். ஸ்பானரைக் காணோம். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து பையில் முதலில் விழுவது ஸ்பானர்தான். அன்றைக்கும் போட்டது நன்றாக ஞாபகம் இருந்தது. தன்னைத்தானே திட்டிக்கொண்டு வண்டியைத் திருப்பினார். கடையில் மேசைமேல் இல்லை, கீழே இல்லை. பின் முற்றத்துக்குப் போனார். அங்கே, இழுத்துப் பூட்டுகிற மாதிரிக் கைப்பிடி வைத்த அந்தப் பழைய ஃபிரிட்ஜின் தலையில் ஸ்பானர் உட்கார்ந்திருந்தது. அன்று முழுக்க அவர் அந்தப் பக்கம் வரவே இல்லை.

எடுக்கக் கையை நீட்டியபோதுதான் சத்தம் கேட்டது. டொக், டொக், டொக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று.

இந்த மாதிரிப் பெட்டிகளை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். உள்ளே இருக்கிறவர்களால் முடியாது. கரடிக்கு அது தெரியும், தெருவிலேயே அவருக்கு மட்டும்தான் தெரியும். தட்டுகளை வேறு ஒரு பெட்டிக்காகக் கழற்றியிருந்ததால் உள்ளே ஒரு குழந்தைக்கு இடமும் இருந்தது. கைப்பிடியை இழுத்தார். முழங்காலைத் தாடையில் முட்டுக்கொடுத்து மடங்கிக் கிடந்தாள் ஏன்குட்டி. உடம்பெல்லாம் வியர்வை, உதட்டில் நிறமே இல்லை. வாயைப் பிளந்து பிளந்து காற்றைக் குடித்தாள். மூச்சு வந்ததும் முதலில் சொன்னது இதுதான்.

"இருக்கார் மாமா."

அவர் போட்ட கூச்சலில் தையல்கார அக்கா கழுத்தில் அளவு நாடா தொங்க ஓடிவந்தாள். மகளை வாரி எடுத்து நெஞ்சோடு இறுக்கினாள். அடுத்த நிமிஷமே கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். "யாருடி உன்னை உள்ள போகச் சொன்னது? யாருடி சொன்னது?"

குழந்தை கரடியைப் பார்த்தாள். கரடி கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்தார். குழந்தை அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. இரண்டாவது அறையும் விழுந்தது.

பிறகு அக்கா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் வரலேன்னா என் பொண்ணு இல்லண்ணே. சாமி மாதிரி வந்தீங்க" என்று அழுதாள். அந்த நன்றியை அவர் வாங்கிக்கொண்டார். வாங்கியிருக்கக் கூடாது. அந்த இடத்திலேயே, "நான்தாம்மா சொன்னேன்" என்று இரண்டு வார்த்தை வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஊருக்கெல்லாம் பதில் சொன்ன வாய் அன்றைக்குக் கல்லாகிவிட்டது.

அன்று சாயங்காலம் சம்மட்டியை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெட்டியை அடித்து நொறுக்கினார். அடுத்த நாள் முற்றத்திலிருந்த மற்ற பெட்டிகளின் கதவுகளையெல்லாம் கழற்றிச் சுவரில் சாய்த்தார். அப்புறம் எந்தப் பழைய பெட்டி வந்தாலும் முதல் வேலை கதவைப் பிடுங்குவதுதான். ஒரு மாதத்தில் தையல்கார அக்கா கடையைக் காலி செய்துகொண்டு நாலு தெரு தள்ளிப் போய்விட்டாள். "அந்த முற்றத்தைப் பாத்துகிட்டு உக்காந்து தைக்க முடியலண்ணே" என்றாள். பெட்டி படுக்கை ஏற்றிய வண்டியில் உட்கார்ந்து ஏன்குட்டி அவரையே பார்த்துக்கொண்டு போனாள். கையசைக்கவில்லை.

பிள்ளைகள் வழக்கம்போல் வந்து நின்றன. "தெரியாது. உங்க டீச்சரைக் கேளு" என்றார். சில மாதங்களில் ஒவ்வொன்றாக வருவதை நிறுத்திக்கொண்டன. கரடிக்கு வயசாகிவிட்டது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஆனால் சத்தம் மட்டும் நிற்கவில்லை. வேலை முடிந்து கம்ப்ரெசர் ஓய்கிறபோது ஒரு குலுக்கல் குலுக்கும், அதில் டொக் டொக் என்று கேட்பது உண்டு. முப்பது வருஷமாகக் காதில் விழுந்த சத்தம்தான். இப்போது அது மூன்று தடவை கேட்டால் பாய்ந்துபோய்க் கதவைத் திறந்து பார்ப்பார். உள்ளே பால் இருக்கும், எலுமிச்சம்பழம் இருக்கும். வாடிக்கையாளர் வீடுகளில் ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. ஃபிரிட்ஜைத் திறப்பதற்கு முன் விரல் முட்டியால் மூன்று தடவை தட்டுவார். "என்னண்ணே, கேட்டுட்டுத்தான் திறப்பீங்களோ?" என்று சிரிப்பார்கள். அவரும் சிரித்துவைப்பார்.

மத்தியான நேரம்தான் மோசம். தெரு ஓய்ந்து, தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொள்ளும். அப்போது பின் முற்றத்திலிருந்து தட்டும் சத்தம் வரும். போய்ப் பார்ப்பார். எல்லாப் பெட்டியும் கதவில்லாமல் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். மூடவே முடியாத பெட்டிக்குள்ளிருந்து யார் தட்டுவது? இன்னொன்றும் அவரைப் பிடுங்கித் தின்றது. இருட்டில், காற்றில்லாமல் கிடந்த குழந்தை 'இருக்கார்' என்று ஏன் சொன்னாள்? மனைவி இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தாள். "உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சு. என்னன்னு சொன்னாத்தானே தெரியும்?" அவளிடமும் சொல்லவில்லை.

மூன்று வருஷம் இப்படி ஓடியது.

ஒருநாள் காலையில் தையல்கார அக்காவிடமிருந்து போன். "அண்ணே, ஃபிரிட்ஜு குளிரவே மாட்டேங்குது. வேற ஆள் வந்து ரப்பரை மாத்தினார், தெர்மோஸ்டாட்டை மாத்தினார், ஒண்ணும் நடக்கல. தினம் பால் கெட்டுப்போகுது. நீங்களே ஒரு தடவை வந்து பாருங்களேன்."

போகாமல் இருக்க நூறு சாக்கு தோன்றியது. ஆனாலும் சாயங்காலம் போனார்.

மாடியில் ஒரே நீள அறை. ஒரு பக்கம் தையல் மெஷின், வெட்டுகிற மேசை, தரை முழுக்க நீலச் சீருடைத் துணியின் துண்டுகள். மறுபக்கம் கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ். மேசையின் ஓரத்தில் ஒரு பெண் குனிந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயதுக்கு வளர்ந்திருந்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், மறுபடி குனிந்துகொண்டாள்.

"நல்லா இருக்கியா பாப்பா?"

"ம்."

"இவ இப்படித்தாண்ணே" என்றாள் அக்கா தாழ்ந்த குரலில். "ஊரையே கேள்வி கேட்டுத் துளைச்சவ. அந்த நாளுக்கு அப்புறம் ஒரு கேள்வி கேட்டதில்ல. ஒண்ணே ஒண்ணுகூட. அடக்கமான பிள்ளைன்னு ஸ்கூல்ல பாராட்டறாங்க. எனக்குத்தான் மனசு ஆறல. அன்னைக்கு நான் அடிச்சது அவ குரல்வளையிலேயே விழுந்துடுச்சோ என்னமோ."

கரடி ஃபிரிட்ஜ் முன்னால் உட்கார்ந்தார். விரல் முட்டியால் மூன்று தடவை தட்டினார். மேசைப் பக்கம் பேனா நின்றது.

கதவு சரியாக ஒட்டுகிறதா என்று பார்க்க அவரிடம் ஒரு வழி இருந்தது. ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்ப்பார். பிடித்தால் ரப்பர் நல்லது, வழுக்கினால் ஓட்டை. மேலே பிடித்தது, பக்கவாட்டில் பிடித்தது. கீழே, கீல் இருக்கிற மூலையில், வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு வந்தது. படுத்துத் தரையோடு கன்னத்தை வைத்துப் பார்த்தார். யார் கண்ணிலும் படாத அந்த மூலையில், நாலாக மடித்த நீலத் துணி ஒன்று ரப்பருக்கும் பெட்டிக்கும் நடுவில் செருகியிருந்தது. விரல் அகலத்துக்கு ஒரு சந்து.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "இங்கயும் வெச்சிட்டாளா! மேல வெச்சிருந்தா, பிடுங்கிப் போட்டேன். பக்கத்துல வெச்சா, திட்டினேன். இப்ப இங்க. எதுக்குடி, எதுக்குடின்னு தொண்டை கிழியக் கேட்டாச்சு. வாயே திறக்க மாட்டா."

எதுக்கு என்று கரடிக்குத் தெரிந்துவிட்டது. துணியை உருவிக் கையில் எடுத்தார். மூன்று வருஷமாக ஒரு குழந்தை, அடி வாங்கியும் திட்டு வாங்கியும், உள்ளே இருக்கிறவருக்கு மூச்சு விடக் காற்று அனுப்பிக்கொண்டிருக்கிறாள். அவர் விளையாட்டுக்குச் சொன்ன ஒரு ஆளுக்கு.

"தங்கச்சி" என்றார். "அன்னைக்கு யார் உள்ள போகச் சொன்னதுன்னு கேட்டியே. நான்தான்."

அக்காவுக்குப் புரியவில்லை. அவர் எல்லாவற்றையும் சொன்னார். குல்லா, வெண்ணெய், வீட்டைக் காலி பண்ணாத பெரியவர், வண்டியிலிருந்து தலையைத் திருப்பிச் சொன்ன கடைசி வார்த்தை. எதையும் குறைக்கவில்லை. சொல்லி முடித்தபோது அக்கா மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் இவளை அடிச்சேனேண்ணே" என்றாள். "நீங்க பாத்துகிட்டு நின்னீங்களே."

"ஆமா. நின்னேன்."

அவள் குனிந்து, காலடியில் கிடந்த துணித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கரடி எழுந்துபோய், மூன்று வருஷம் தாமதமாக, அந்த இரண்டடியை நடந்தார். "பாப்பா, வா" என்று அவளைக் கூட்டிவந்து, ஃபிரிட்ஜைத் திறந்து, அவள் விரலைப் பிடித்துப் பட்டன்மேல் வைத்தார். "அழுத்து." விளக்கு அணைந்தது. "விடு." எரிந்தது. "இவ்வளவுதான். கதவு அழுத்தும், லைட்டு அணையும். உள்ள யாரும் இல்ல. எதுலயும் இல்ல. அந்தப் பழைய பெட்டிக்குக் கரண்டே இல்ல, அதுலயும் யாரும் இல்ல. மாமா சொன்னது பொய். மன்னிச்சிடு."

அவள் நாலைந்து தடவை அழுத்திப் பார்த்தாள். அணைந்தது, எரிந்தது. முகம் கோணவில்லை. நிதானமாக யோசித்தாள். பிறகு அவரைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"அப்போ என்கிட்ட பேசினது யாரு?"

மெஷின் பக்கம் அக்கா நிமிர்ந்தாள்.

"இருட்டா இருந்துச்சு. நான் அழுதேன். அழாதே, அழுதா காத்து தீந்துடும்னு சொன்னார். மூணு மூணா தட்டுன்னார். அந்த ஆளோட ஸ்பானரை எடுத்து மேல வெச்சிருக்கேன், தேடிகிட்டு வருவார்னு சொன்னார். நீங்க வந்தீங்க. என்னை மட்டும் வெளிய எடுத்தீங்க."

ஸ்பானரைத் தேடி வந்த கதையைக் கரடி இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட. இப்போது சொன்னதிலும் அது இல்லை. சம்மட்டி ஞாபகம் வந்தது. ஒரு சாயங்காலம் முழுக்க அந்தப் பெட்டியை அடித்தது, தகரம் நசுங்கிய சத்தம், எல்லாம் ஞாபகம் வந்தது. பழக்க தோஷத்தில் வேடிக்கையான பதில்கள் நாக்கு நுனியில் வந்து வரிசை கட்டி நின்றன. எல்லாவற்றையும் விழுங்கினார்.

"தெரியல பாப்பா."

"ஏன் தெரியல?"

அக்காவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகையா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மூன்று வருஷமாக அந்த வீட்டில் கேட்காத 'ஏன்' அது. எழுந்து வந்தாள். கரடியின் கையிலிருந்த நீலத் துணியை வாங்கினாள். கிழித்துப் போடப்போகிறாள் என்றுதான் அவர் நினைத்தார்.

அவள் அதை ஒழுங்காக நாலாக மடித்தாள். தரையில் மண்டியிட்டு, அதே மூலையில், அதே இடத்தில் செருகிக் கதவை மெதுவாகச் சாத்தினாள்.

"பால் கெட்டா கெட்டுட்டுப் போகட்டும்ணே" என்றாள்.